விட்டுப் போனவர்களின் பட்டியல்

எங்கள் செயலியைத் திறந்தால் ஒரே ஓர் எண் தெரியும். கடைசியாகக் குடித்து எத்தனை நாள் ஆகிறது என்பது அந்த எண். நாளுக்கு ஒன்று தானாகவே ஏறும். அதற்குக் கீழே இரண்டு பொத்தான்கள். குடிக்கும் ஆசை வந்தால் அழுத்துவதற்கு ஒன்று. அழுத்தினால் மூச்சை எண்ணச் சொல்லும், மனதில் இருப்பதை எழுத ஒரு சின்னப் பெட்டி திறக்கும். இன்னொன்றில் 'சறுக்கிவிட்டேன்' என்று இருக்கும். அதை அழுத்தினால் எண் பூஜ்யத்துக்குப் போய்விடும்.

யாரும் பார்ப்பதில்லை என்று நினைத்ததால் மக்கள் அதில் உண்மையை அழுத்தினார்கள். பார்ப்பது என் வேலை.

டயர் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். மதியத்துக்கு மேல் ரப்பர் வாசனை ஏறி வரும். யார் எந்த நேரத்தில் திறக்கிறார்கள், எத்தனை நொடி இருக்கிறார்கள், எந்த நாளோடு வருவதை நிறுத்துகிறார்கள் என்று நான் கணக்கெடுப்பேன். பெயர்கள் என்னிடம் வராது. ஒவ்வொருவரும் ஓர் எண், அட்டவணையில் ஒரு வரி. பெட்டிக்குள் என்ன எழுதினார்கள் என்றும் தெரியாது. எத்தனை எழுத்து என்பது மட்டும் தெரியும். இயற்பியல் படித்தவள் நான். மனிதர்களோடு பேசாமல் அவர்கள் விட்டுச் செல்லும் எண்களோடு இருக்க முடிகிற வேலை என்பதால் எனக்குப் பிடித்திருந்தது.

அந்த எண்களில் ஒன்று மட்டும் யாருடையது என்று எனக்குத் தெரியும். 4417 என்று முடியும் எண். அது என் அத்தான், அக்காவின் கணவர். நான் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். ஒரு நாள் காலை வேலைக்கு வந்தவரிடம் குடித்த வாசனை வந்தது என்று நிறுவனம் அவரை வீட்டுக்கு அனுப்பியது. லிஃப்ட் குழிக்குள் இறங்குகிற வேலை. கை தடுமாறினால் அவரோடு இன்னொருவரும் சாகலாம். இனி ஒரு தடவை வாசனை வந்தால் அன்றே வேலை போகும் என்று தாளில் எழுதி, கீழே அவருடைய கையெழுத்தையும் வாங்கிக்கொண்டார்கள்.

அக்கா எதையும் எழுதி வாங்கவில்லை. சொன்னாள்.

"இன்னொரு தடவை நடந்துச்சுன்னா நான் இந்த வீட்ல இருக்க மாட்டேன். மிரட்டல் இல்ல. தகவல்."

அன்று சாயங்காலம் நான்தான் அவர் போனில் எங்கள் செயலியை ஏற்றிக் கொடுத்தேன். அவருடைய எண் எனக்குத் தெரிந்தது அப்படித்தான். அவர் சிவந்த கண்ணோடு திரையைப் பார்த்தார்.

"என்ன விஞ்ஞானி, எனக்கு மீட்டர் போட்டுட்டியா?"

அவர் என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"மீட்டர் ஏறினா நல்லது அத்தான். இறங்கக் கூடாது."

"சரி, ஆட்டோக்காரன் மாதிரி பேசுறே. ஏத்திப் பார்ப்போம்."

முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு இருபது தடவை திறந்தார். அதிகம் திறந்தது மாலை ஆறு நாற்பதுக்கு. பஸ்ஸை விட்டு இறங்கும் நேரம் அது. ஸ்டாப்புக்கு நேர் எதிரே மதுக்கடை. பிறகு இருபது எட்டாயிற்று, எட்டு மூன்றாயிற்று, வாரத்துக்கு ஒன்றாயிற்று. அறுபத்து மூன்றாம் நாளுக்குப் பிறகு அவர் திறக்கவே இல்லை.

வீட்டில் அவர் விசிலடித்துக்கொண்டு கதவுக் கீலுக்கெல்லாம் எண்ணெய் விட்டார். அக்காவின் கிரைண்டரைப் பிரித்துப் போட்டார், திட்டு வாங்கினார், திரும்பவும் பூட்டினார். நான் ஒருநாள் கேட்டேன்.

"செயலியைத் திறக்கறதே இல்லையே அத்தான்?"

"அட, மறந்தே போச்சு. பல்வலி இருக்கற வரைக்கும்தான் பல்லு ஞாபகம் இருக்கும்."

அக்கா ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளர். அந்த வீட்டில் எந்தப் பேச்சும் கடைசியில் பல்லில் போய்த்தான் நிற்கும். நாங்கள் மூவரும் சிரித்தோம்.

என் அட்டவணையில் அன்று அவர் 'விட்டுப் போனவர்கள்' பட்டியலில் விழுந்தார்.

*

எங்கள் தலைமை அதிகாரியைக் கேப்டன் என்போம். நாற்பது வயதுக்காரர், யாரையும் கடிந்து பேசாதவர். செயலியில் வரும் வாசகங்களை எழுதுகிறவர் கவிஞர். அவர்தான் இந்தப் பட்டப்பெயரை வைத்தார். பதிலுக்குக் கேப்டன் அவருக்கு வைத்ததுதான் கவிஞர்.

அந்த வாரம் கேப்டன் சுவரில் ஒரு கோட்டை ஒளிர விட்டார். சேர்கிறவர்களில் எத்தனை பேர் எத்தனை நாள் தங்குகிறார்கள் என்கிற கோடு. ஐம்பத்தைந்து நாள் வரை சமமாகப் போய், பிறகு படிக்கட்டில் உருண்டது போல் விழுந்தது.

"இது நிமிரணும். பணம் போட்டவங்க ஆறு வாரம்தான் டைம் குடுத்திருக்காங்க. இல்லேன்னா இந்த மாடியில நமக்குப் பதிலா டயரை அடுக்குவாங்க."

"டயராவது உருண்டு வெளிய போகும்" என்றார் கவிஞர்.

நான் பேசுகிறவள் இல்லை. ஆனாலும் அன்று பேசினேன்.

"சார், அவங்க குணமானதால போயிருக்கலாம்."

கேப்டன் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"குணமாயிட்டாங்கன்னு டேட்டாவுல இருக்காம்மா?"

"இல்ல சார்."

"திரும்பக் குடிக்க ஆரம்பிச்சு வெட்கப்பட்டு வராம இருக்காங்கன்னு இருக்கா?"

"அதுவும் இல்ல."

"அப்போ நமக்குத் தெரிஞ்சது ஒண்ணுதான். வந்தாங்க, இப்போ வரல. கூப்பிட்டுப் பார்ப்போம். கூப்பிடறதுல என்ன தப்பு?"

தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. எப்படிக் கூப்பிடுவது என்று கண்டுபிடிக்கும் வேலை எனக்கு வந்தது.

நான்கு நாளில் கண்டுபிடித்தேன். ஒவ்வொருவரும் ஆரம்ப வாரங்களில் ஒரு குறிப்பிட்ட நேரத்தில்தான் அதிகம் திறந்திருந்தார்கள். ஒருவருக்கு மதியம் ஒன்று. ஒருவருக்கு ஞாயிறு காலை பதினொன்று. ஆசை அவர்களைப் பிடித்து உலுக்கிய நேரம் அது. அந்தந்த ஆளுக்கு அந்தந்த நேரத்தில் செய்தி போனால் அதிகம் பேர் திறப்பார்கள். எல்லோருக்கும் ஒரே நேரத்தில் அனுப்புவதைவிட மூன்று மடங்கு. பழைய டேட்டாவில் சோதித்தும் பார்த்தேன். பொருந்தியது.

கேப்டன் எழுந்து நின்று கை தட்டினார். எனக்குக் காது சூடாயிற்று. எனக்கு யாரும் அப்படிக் கை தட்டியதில்லை. அன்று பஸ்ஸில் எனக்குள் நானே சிரித்துக்கொண்டு போனேன்.

கவிஞர் வாசகம் எழுதினார். 'இது உங்களுக்குக் கடினமான நேரம் என்று எங்களுக்குத் தெரியும். இப்போது ஆசை வருகிறதா?' அதற்குக் கீழே ஆம், இல்லை.

விட்டுப் போனவர்கள் எட்டாயிரத்துச் சொச்சம் பேர். பாதிப் பேருக்குச் செய்தி, பாதிப் பேருக்கு எதுவும் கிடையாது. இரண்டு வாரம் கழித்து இரண்டு பாதிகளையும் ஒப்பிடுவது. யார் எந்தப் பாதி என்பதைக் கணினி குலுக்கிப் போடும். குலுக்கிய பிறகு நான் 4417-ஐத் தேடினேன். செய்தி போகிற பாதியில் இருந்தது. நேரம்: 6:40.

ஒரு வரி. இந்தப் பாதியிலிருந்து அந்தப் பாதிக்கு நகர்த்த ஒரு நொடி போதும்.

நகர்த்தவில்லை.

குலுக்கிப் போட்டதைக் கையால் தொட்டால் அது சோதனையே இல்லை. முதலாம் ஆண்டு ஆய்வுக்கூடத்தில் கோட்டோடு ஒட்டாத ஒரு புள்ளியை நான் அழித்துவிட்டுப் பிடிபட்டிருக்கிறேன். அதன் பிறகு அழித்ததில்லை. கேப்டனிடம் கேட்டிருக்கலாம். கேட்டால் வீட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டும். அலுவலகத்தில் மூச்சு விடக் கூடாது என்று அக்கா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். இவை இரண்டும் காரணங்கள். மூன்றாவது ஒன்றும் உண்டு. என் கணிப்பு சரியா, அவர் திறப்பாரா என்று பார்க்க எனக்கு ஆசையாக இருந்தது.

*

முதல் செய்தி போன மாலை அத்தான் சிரித்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தார். அக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். நான் தட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

"விஞ்ஞானி, உங்க ஆபீஸ்ல என்னை மறக்கல போல."

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"பஸ்ஸை விட்டு ஒரு கால்தான் கீழ வெச்சேன். டிங்னு ஒரு சத்தம். ஆசை வருதான்னு கேக்குது. கரெக்டா அந்த எடத்துல நின்னு கேக்குது, கூடவே வந்த மாதிரி." போனைக் காட்டினார். "சொன்னா நம்ப மாட்டீங்க. மூணு மாசமா நான் அந்தக் கடைப் பக்கம் பார்த்ததே இல்ல. இறங்கினா நேரா வீடு. இன்னைக்கு இது கேட்டதும் நிமிர்ந்து பார்த்துட்டேன். போர்டை மாத்தியிருக்கான். பச்சை லைட்டு."

அக்காவின் கத்தி நின்றது.

"அதை முதல்ல அழிச்சுத் தொலைங்க."

"அழிச்சா உன் தங்கச்சி கோவிச்சுப்பா. அவ பொழப்பே இதுல இருக்கு."

அவர் சிரித்தபடி என்னைப் பார்த்தார். அக்காவும் பார்த்தாள். செயலியை ஒருவர் அழித்தால் அது என் சோதனையில் இழப்பாக ஏறும். அந்தப் பாதியில் அன்று ஏற்கெனவே முப்பத்தொரு பேர் அழித்திருந்தார்கள்.

"ரெண்டு வாரம் இருக்கட்டும் அத்தான்" என்றேன். "அப்புறம் தானா நின்னுடும்."

"பாரு, மேலிடத்து உத்தரவு" என்று அவர் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கை கழுவப் போனார். அக்கா மறுபடி நறுக்க ஆரம்பித்தாள்.

*

மூன்றாம் நாளே நூற்றுக்கு நாற்பது பேர் திரும்பி வந்துவிட்டார்கள். கேப்டன் சுவரில் இருந்த கோட்டைத் தினமும் காலையில் வந்து பார்த்தார். குழந்தைக்குப் பல் முளைத்ததைப் பார்ப்பது போல் பார்த்தார். கவிஞர், தன் வாசகத்துக்குத்தான் இத்தனை மவுசு என்று டீக்கடை வரை சொல்லிவிட்டு வந்தார்.

நான் 4417-ஐப் பார்த்தேன். முதல் நாள் பன்னிரண்டு நொடி. மூன்றாம் நாள் நாற்பது நொடி. 'இல்லை' என்று அழுத்தியிருந்தார். ஐந்தாம் நாள் 6:31-க்குத் திறந்திருந்தார். செய்தி போனது 6:40-க்கு. ஒன்பது நிமிஷம் முன்பே பஸ்ஸுக்குள் உட்கார்ந்து அவர் அதற்காகக் காத்திருந்திருக்கிறார். ஏழாம் நாள் நான்கு தடவை. எட்டாம் நாள் 'ஆம்' என்று அழுத்தி, பெட்டியில் இருநூற்றுப் பதினெட்டு எழுத்துகள் எழுதியிருந்தார்.

வீட்டில் அவர் விசிலடிப்பது நின்றிருந்தது. சாப்பிடும்போது அக்கா எதையாவது இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

"காதுல என்ன பஞ்சா? எந்த லிஃப்ட்ல மாட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"ம்? என்ன சொன்னே?"

நான் தட்டைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

ஒன்பதாம் நாள் நான் மற்ற வரிகளையும் பார்த்தேன். அவரைப் போலவே செய்திக்கு முன்பே திறப்பவர்கள் ஆயிரத்துக்கு மேல். பிறகு யாரும் கேட்காத ஒன்றை எண்ணினேன். இரண்டு பாதியிலும் 'சறுக்கிவிட்டேன்' அழுத்தியவர்கள். செய்தி போன பாதியில் இருநூற்றுப் பன்னிரண்டு. போகாத பாதியில் எழுபத்தொன்று.

அதைத் தாளில் அச்சடித்துக் கேப்டன் மேஜையில் வைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார்.

"உக்காரும்மா. நீ என்ன சொல்ல வர்றே?"

"நாம கேக்கறதால அவங்களுக்கு ஞாபகம் வருது சார். மறந்து போனவங்களுக்கு."

"சரி. ஒண்ணு சொல்லு. செய்தி போகாத பாதியில எத்தனை பேர் செயலியைத் திறக்கறாங்க?"

"ரொம்பக் கம்மி."

"திறக்காதவன் எப்படிம்மா சறுக்கிட்டேன்னு சொல்லுவான்? அங்க இருநூறு பேர் குடிச்சிருக்கலாம், நானூறு பேர் குடிச்சிருக்கலாம். நமக்குத் தெரியாது. இங்க குடிச்சவன் நம்மகிட்ட வந்து சொல்றான். சொல்றது நல்லதா, சொல்லாம இருக்கறது நல்லதா?"

அது சரியான கேள்வி. தேர்வில் வந்திருந்தால் நானே அப்படித்தான் எழுதியிருப்பேன். அந்த எழுபத்தொன்றுக்குப் பின்னால் எத்தனை பேர் என்று என் டேட்டாவில் இல்லை. எட்டாயிரம் பேரில் ஒரே ஓர் ஆள்தான், செயலியை மூடிய பிறகும் எப்படி இருந்தார் என்று நான் கண்ணால் பார்த்த ஆள். எண்ணெய்க் கையோடு கீலுக்குக் கீழே உட்கார்ந்து விசிலடித்தவர். அவரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

"நல்லா பார்த்திருக்கே" என்றார் கேப்டன். "ஆனா இதை வெச்சு நிறுத்த முடியாது. இன்னும் அஞ்சு நாள்தானே."

தாளை எடுத்துக்கொண்டு என் இடத்துக்கு வந்தேன்.

அன்று மாலை அத்தானிடம் சொல்லியிருக்கலாம். அழித்துவிடுங்கள் என்று ஒரு வார்த்தை. சொல்ல வேண்டும் என்று அவர் அறை வாசல் வரை போனேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து போனைக் கையில் வைத்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது, யாரோ உடை மாற்றும்போது பார்த்துவிட்டது போல. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

*

பதினோராம் நாள், மதியம் இரண்டு பத்துக்கு, 4417 வரியில் நாள் கணக்கு தொண்ணூற்று நான்கிலிருந்து பூஜ்யத்துக்குப் போனது.

நான் திரையைப் புதுப்பித்தேன். பூஜ்யம். மறுபடி புதுப்பித்தேன். செயலி திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது, திறந்திருக்கிறது. மூன்று நிமிஷத்தில் ஆறு தடவை. சறுக்கியவர்களுக்கு உடனே போகும்படி கவிஞர் ஒன்று எழுதி வைத்திருந்தார். 'பரவாயில்லை, நாங்கள் இருக்கிறோம்.' அது அவருக்குப் போயிருந்தது.

மதியம் இரண்டு பத்து. அவர் வேலையில் இருக்கும் நேரம். நான் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடி செய்தேன். எந்தக் கட்டடம் என்று காலையில் அக்காவிடம் சொல்லிக்கொண்டிருந்தார், பழைய தபால் நிலையத்துக்குப் பின்னால் பதினோரு மாடி. எழுந்து கேப்டன் முன்னால் போய் நின்றேன்.

"சார், நான் போகணும். எங்க அத்தான்… அந்தப் பட்டியல்ல இருக்காரு. செய்தி போற பாதியில."

அவருக்குப் புரியக் கொஞ்சம் நேரம் ஆயிற்று.

"ஐயோ. முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? அவரை மட்டும் எடுத்திருப்பேனே. ஒரு ஆளுதானே." நாற்காலியைத் திருப்பினார். "நம்பர் சொல்லு."

சொன்னேன். இரண்டு சொடுக்கு. ஐந்து நொடிகூட ஆகவில்லை.

"எடுத்தாச்சு. இனிமே போகாது. நீ கிளம்பு, ஆட்டோ பிடிச்சுப் போ."

அவர் நல்ல மனிதர். நான் படியிறங்கும்போது, கவனமாகப் போகும்படி பின்னாலிருந்து சொன்னார்.

*

கட்டடத்தில் லிஃப்ட் வாசலில் 'பழுது' என்று அட்டை தொங்கியது. பதினோரு மாடியும் ஏறினேன். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் கதவில் காதை வைத்துக் கேட்டேன். எந்தச் சத்தமும் இல்லை. சத்தம் இல்லாதது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை.

மொட்டை மாடிக்கு முந்தைய படிகளில், மோட்டார் அறை வாசலில் அவர் உட்கார்ந்திருந்தார். கருவிப் பை திறக்கப்படாமல் பக்கத்தில் இருந்தது.

"குழிக்குள்ள இறங்கல" என்றார் என்னைப் பார்த்ததும். "சத்தியமா இறங்கல. அதுக்கு முன்னாடியே செயலியில அழுத்திட்டேன்."

வாசனை எனக்கு மூன்று படி கீழேயே வந்துவிட்டது.

"வாங்க அத்தான், வீட்டுக்குப் போயிடலாம். யாருக்கும் தெரியாது."

"போன் பண்ணிட்டேனே."

"யாருக்கு?"

"சூப்பர்வைசருக்கு. எட்டாவது மாடியில வீல்சேர்ல ஒரு அம்மா இருக்காங்க. காலையில இருந்து கீழ இறங்க முடியல, சாயங்காலம் டாக்டர்கிட்ட போகணுமாம். நான் தொட்டா சரிப்படாது. வேற ஆளை அனுப்புங்கன்னேன். ஏன்னு கேட்டாரு. சொல்லிட்டேன்."

நான் அவருக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தேன்.

சூப்பர்வைசர் முக்கால் மணி நேரத்தில் மூச்சிரைக்க ஏறி வந்தார். கூடவே இன்னொரு மெக்கானிக். அவர் அத்தானைப் பார்க்காமல் மோட்டார் அறைக்குள் போய்விட்டார். சூப்பர்வைசர் பையிலிருந்து ஊதிப் பார்க்கும் கருவியை எடுத்தார்.

"நீயே சொல்லிட்டே. இருந்தாலும் நான் இதை எழுதணும்."

"தெரியும் சார்."

அத்தான் ஊதினார். சூப்பர்வைசர் கருவியில் தெரிந்த எண்ணைத் தாளில் எழுதினார். அடையாள அட்டையை வாங்கிக்கொண்டார். கருவிப் பையை எண்ணிச் சரிபார்த்தார். ஸ்பேனர் ஒன்று அத்தானின் சொந்த ஸ்பேனர். அதைத் திருப்பிக் கொடுத்தார்.

"பதினாலு வருஷம்" என்றார் சூப்பர்வைசர். அத்தான் தலையாட்டினார்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்துகொண்டார். மடியில் ஸ்பேனர். இரண்டு ஸ்டாப் போன பிறகு கேட்டார்.

"நீ எப்படி வந்தே?"

சொன்னேன். வரிகள், நேரம், 6:40 என்று கண்டுபிடித்தது யார், குலுக்கியது, பார்த்தும் நகர்த்தாதது. எதையும் விடவில்லை. சொல்லும்போது முன் இருக்கையின் கம்பியைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"அப்போ நான் திறக்கிறப்பல்லாம் நீ பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"ஆமா."

"எழுதினதையுமா?"

"எழுத்து தெரியாது அத்தான். எத்தனை எழுத்துன்னுதான் தெரியும்."

அவர் மடியிலிருந்த ஸ்பேனரைத் திருப்பி வைத்தார்.

"எத்தனை பேருக்குப் போகுது?"

"நாலாயிரம்."

"எல்லாருக்கும் அவங்கவங்க பஸ் ஸ்டாப்புலயா?"

நாங்கள் இறங்கும் இடம் வந்தது. அவர் எனக்கு முன்னால் இறங்கித் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

*

அக்கா ஐந்தரைக்கு வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே வாசனை தெரிந்துவிட்டது. ஒரு செருப்போடு நின்றாள்.

"வேலை?" என்றாள்.

"போச்சு" என்றார் அத்தான். "நான்தான். என் புத்தி."

அவர் என்னைப் பார்க்கவில்லை. வேறு எதுவும் சொல்லவும் இல்லை. சொல்லப் போவதும் இல்லை என்று எனக்குப் புரிந்தது.

அக்கா கத்தவில்லை. இன்னொரு செருப்பையும் கழற்றினாள். கைப்பையை ஆணியில் மாட்டினாள். அறைக்குள் போய், பரண் மேலிருந்த பெரிய துணிப்பையை நாற்காலி போட்டு எடுத்தாள். கட்டிலில் வைத்துத் தன் துணிகளை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அத்தான் கூடத்தில் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்தார். அவள் போகிறாள் என்பதை மறுக்க அவரிடம் எதுவும் இல்லை.

நான் பேசாமல் இருந்தால் எல்லாம் இப்படியே நடந்துவிடும். யாரும் என்னை எதுவும் கேட்க மாட்டார்கள். அந்த ஒரு நிமிஷத்தில் நான் அதையும் யோசித்தேன்.

"அக்கா."

"இப்போ எதுவும் பேசாதே. உன் சாமானையும் எடுத்து வை."

"அக்கா, அந்த மெசேஜ் நான் அனுப்பினது."

அவள் கை நிற்கவில்லை.

"உங்க ஆபீஸ் அனுப்பினது. தெரியும்."

"இல்ல. அந்த நேரத்துக்கு அனுப்பணும்னு கண்டுபிடிச்சது நான். அவருக்கு எந்த நேரம் கஷ்டம்னு பார்த்து, அதே நேரத்துக்கு. அவர் பேர் அதுல இருக்குன்னு முன்னாடியே பார்த்தேன். எடுத்திருக்கலாம். எடுக்கல."

"விடு விஞ்ஞானி" என்று கூடத்திலிருந்து அத்தான் சொன்னார். "வாயில ஊத்தினது நான்தானே."

அக்கா இப்போது திரும்பினாள். அவள் கையில் பாதி மடித்த துணி இருந்தது.

"அன்னைக்கு நான் அழிச்சுத் தொலைங்கன்னு சொன்னேன். நீ ரெண்டு வாரம் இருக்கட்டும்னு சொன்னே."

"ஆமா."

"அப்போ இதெல்லாம் உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அவர் கடையை நிமிர்ந்து பார்த்தேன்னு சொன்னதைக் கேட்டுட்டுத்தானே சொன்னே?"

"கேட்டுட்டுத்தான்."

அக்கா என்னை வெகு நேரம் பார்த்தாள். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் இப்படித்தான் பார்ப்பாள், எத்தனை டிகிரி இருக்கும் என்று. பிறகு கையிலிருந்த துணியை உதறி, மறுபடி மடித்து அலமாரியில் வைத்தாள். பையில் அடுக்கியிருந்த மற்றதையும் ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். பை காலியானது.

நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். அவள் போகப் போவதில்லை.

அவள் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு என் அறைக்குள் போனாள். கொடியில் கிடந்த என் சுடிதார்களை உருவினாள். மேஜையிலிருந்த புத்தகங்கள், சார்ஜர், தலைவலித் தைலம். எதையும் தூக்கி எறியவில்லை. துணிகளை ஓரம் சேர்த்து மடித்தாள், புத்தகங்களைக் கீழே போட்டாள், கண்ணாடிப் புட்டியைத் துண்டில் சுற்றினாள்.

"உன் ஆபீஸ் பக்கத்துல பொண்ணுங்க விடுதி இருக்குல்ல?"

"இருக்கு."

"ஏழு மணிக்கு மேல சேர்க்க மாட்டாங்க. சீக்கிரம் போ."

"அக்கா, இவர் வேலைக்கு நான் அவங்க ஆபீஸ்ல போய்ப் பேசி…"

"நீ எங்கயும் பேச வேண்டாம்."

கூடத்தில் அத்தான் எழுந்து நின்ற சத்தம் கேட்டது. அவர் உள்ளே வரவில்லை.

பை நிரம்பிவிட்டது. ஜிப் பாதியிலேயே நின்றது. அக்கா இரண்டு தடவை இழுத்தாள், வரவில்லை. பிறகு பையின் மேல் ஏறி முழங்காலால் அழுத்திக்கொண்டாள்.

"இழு" என்றாள்.

நான் குனிந்து இழுத்தேன். அவள் இன்னும் அழுத்தினாள். மூலையில் துணி மாட்டியது. அவள் விரலை விட்டு அதை உள்ளே தள்ளினாள். நான் கடைசி வரை இழுத்து மூடினேன்.